நெட்வொர்க் கார்டு இழுக்கிறது, பூட் ஆனால் எழ மாட்டேன் என்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பை, வள்ளியூர் என்று சுற்றி யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் சோலி. அரிசி ஆலை, ஜவுளிக்கடை, கல்லூரி லேப், காற்றாலை ஆபீஸ் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். போன் எடுத்ததும் வருகிற முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, நெட்வொர்க் கார்டு போயிட்டு." போய்ப் பார்த்தால் கார்டு அதன்பாட்டுக்கு இருக்கும். கேபிளோ, சுவிட்சோ, ஒரு எழுத்துப் பிழையோ, முன்பு இருந்த ஆள் வைத்துவிட்டுப் போன செட்டிங்கோதான் வேலையைக் காட்டியிருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். போனில் நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணுகிறவர்களுக்காக எழுதியது என்பதால் கட்டளைகளும் காதில் விழுகிறபடியே இருக்கும். 'மைனஸ்' என்றால் '-' குறி, 'பெரிய' என்றால் கேபிடல் எழுத்து.

சர்வர் ஸ்லோ என்கிறார்கள். நெட்வொர்க்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"ஸ்லோ" என்பதை முதலில் ஒரு எண்ணாக மாற்றுங்கள். ஒரு ஜிபி அளவில் ஒரே ஒரு பெரிய ஃபைலை எடுத்து சர்வருக்கும் இன்னொரு மெஷினுக்கும் நடுவே காப்பி பண்ணிப் பாருங்கள். வினாடிக்கு 11 எம்பி என்று ஆடாமல் அசையாமல் நின்றால் லிங்க் (கார்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள இணைப்பு) 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று அர்த்தம். எட்டு பிட் ஒரு பைட்; 100ஐ எட்டால் வகுத்தால் 12.5, பாக்கெட் தலைப்புகளுக்குப் போனது போக மிச்சம் அவ்வளவுதான். 110ஐத் தாண்டினால் ஜிகாபிட் முழுதாக வேலை செய்கிறது, நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். ஒன்று, இரண்டு எம்பி என்று விட்டு விட்டு ஓடினால் கேபிளும் டூப்ளெக்ஸும்தான் என் முதல் சந்தேகம். டூப்ளெக்ஸ் என்பது ஒரே நேரத்தில் போகவும் வரவும் செய்யலாமா (ஃபுல்), மாறி மாறித்தானா (ஹாஃப்) என்ற செட்டிங்.

இந்தக் கணக்கில் ஹார்ட் டிஸ்க்கும் கலந்திருக்கும். அதைப் பிரிக்க ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கிற நிரலைப் போடுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்பும். ஒரு மெஷினில் மைனஸ் எஸ், இன்னொன்றில் மைனஸ் சி போட்டு சர்வரின் ஐபி. 940 மெகாபிட் பக்கம் காட்டிவிட்டால் ஜிகாபிட் கார்டு அதற்கு மேல் ஒன்றும் தர முடியாது. அப்புறம் டிஸ்க்கைப் பாருங்கள், அல்லது பத்தாயிரம் குட்டி ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுக்கிற அந்த பேக்கப் ஸ்கிரிப்டைப் பாருங்கள். பழைய பெட்டியில் எஸ்சிபி (ரகசியக் குறியாக மாற்றிக் காப்பி பண்ணுகிற கட்டளை) போட்டுவிட்டு வேகம் இல்லை என்பவர்களும் உண்டு. அங்கே மூச்சு வாங்குவது என்கிரிப்ஷன் செய்கிற பிராசஸர்.

ஐபெர்ஃப் போட முடியவில்லை, கடையில் கூட்டம். சும்மா பார்த்தே சொல்ல ஏதாவது வழி?

இருக்கிறது, எனக்கும் அதுதான் பிடித்த வழி. நெட்ஸ்டாட் மைனஸ் ஐ. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ், ஏஐஎக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். புது டெபியனில் அது தானாக வராது. அங்கே ஐபி மைனஸ் எஸ் லிங்க். கார்டு பூட் ஆனதிலிருந்து எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை போனது, எத்தனை பிழை என்று காட்டும்; லினக்ஸின் நெட்ஸ்டாட் தவிர மற்றவற்றில் மோதல் எண்ணிக்கையும் இருக்கும்.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது. வருஷக்கணக்காக ஓடுகிற பெட்டியில் 40 பிழை இருந்தால், என்றோ யாரோ கேபிளைப் பிடுங்கி மாட்டியபோது வந்ததாக இருக்கும். இப்போது ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு பெரிய ஃபைலை ஓடவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் நோய் இருக்கிறது.

என்ன நோய் என்று தெரிய லினக்ஸில் கார்டின் நிலையைக் காட்டுகிற ஈத்டூல் கட்டளை, மைனஸ் பெரிய எஸ். சிஆர்சி பிழை (பாக்கெட் சரியாக வந்ததா என்ற சோதனைக் கணக்கு பொருந்தாதது) ஏறினால் வழியில் பாக்கெட் சிதைகிறது: கேபிள், கனெக்டர், சுவிட்ச் போர்ட், அல்லது டூப்ளெக்ஸ். லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கிற மோதல்) என்று வந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம், நேரே அடுத்த கேள்விக்குப் போங்கள். ஃபிஃபோ, மிஸ்டு என்று வந்தால் கேபிளில் குறை இல்லை; வந்ததை வாங்கி வைக்க மெஷினுக்குக் கை போதவில்லை.

மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே நுழைந்து பார்க்கவும் மாற்றவும் கூடியது) என்றால் அந்தப் பக்கத்து எண்களையும் பாருங்கள். கேபிளுக்கு இரண்டு நுனி. சர்வர் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்ன தடவையெல்லாம் நான் தப்பாகவே சொல்லியிருக்கிறேன்.

பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கிற சின்னப் பாக்கெட்) அழகாகப் போகிறது. காப்பி மட்டும் ஊர்கிறது. எப்படி?

இது டூப்ளெக்ஸ் பொருந்தாத வியாதி. ஜிகாபிட் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பழைய பெட்டிகள் இருக்கிற இடத்தில் சாகாமல் கிடக்கிறது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி லேபில் பார்த்தேன். பழைய சர்வர், 100 மெகாபிட் கார்டு. புது சுவிட்ச் வாங்கி மாட்டிய அன்றையிலிருந்து பாடம் சார்ந்த ஃபைல்கள் ஓட மாட்டேன் என்கின்றன. பிங் போட்டால் ஒரு பாக்கெட் தவறாமல் வருகிறது. 700 எம்பி ஐஎஸ்ஓ ஒன்றை இழுத்தால், முதல் சில வினாடி ஓடி, நின்று, மறுபடி கொஞ்சம் ஓடி, நிற்கிறது. லேப் அசிஸ்டென்ட் தம்பி ஏற்கெனவே புது கார்டுக்கு ஆர்டர் எழுதி வைத்திருந்தான்.

சர்வரில் ஈத்டூல் போட்டால்: வேகம் 100, டூப்ளெக்ஸ் ஃபுல், ஆட்டோ நெகோஷியேஷன் (இரு பக்கமும் தாமே பேசி முடிவு செய்வது) ஆஃப். சுவிட்சில் பார்த்தால்: 100, ஹாஃப். என்றோ ஒருவர் "ஆட்டோ சரிப்படாது" என்று சர்வரில் கையால் 100 ஃபுல் என்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பழைய சுவிட்சிலும் அதேபோலக் கட்டியிருந்ததால் ஓடியது. புது சுவிட்ச் ஆட்டோவில் வந்தது.

ஆட்டோவில் இருக்கிற பக்கம் எதிர்ப்பக்கத்தோடு பேசப் பார்க்கும். எதிர்ப்பக்கம் பேசாவிட்டால், கம்பியில் வருகிற சிக்னலை வைத்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைச் சிக்னலில் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் விதிப்படி ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். இப்போது ஒருவன் ஒற்றைவழிப் பாலம் என்று நினைத்து எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏறுகிறான். மற்றவன் இருவழிச் சாலை என்று நினைத்து நிற்காமல் வருகிறான். பிங் ஒற்றை வண்டி, தனியாகப் போய் தனியாக வரும், மோதாது. பெரிய காப்பி என்றால் இரண்டு பக்கமும் நெரிசல். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் ஏறும், ஃபுல் பக்கம் சிஆர்சி பிழை ஏறும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான், சந்தேகமே வேண்டாம்.

சர்வரில் ஆட்டோ ஆன் செய்து, அந்த வரியைப் பூட் ஸ்கிரிப்டிலிருந்தும் எடுத்தோம். காப்பி 11 எம்பியில் நின்றது. ஆர்டரை அந்தத் தம்பி கிழித்தானா என்று தெரியாது. புது கார்டு எங்கேயாவது பீரோவில் கிடக்கலாம்.

அப்படியானால் வேகத்தைக் கையால் கட்டவே கூடாதா?

இரண்டு பக்கமும் கட்டுவதாக இருந்தால் கட்டலாம். ஒரு பக்கம் மட்டும் கூடாது. ஜிகாபிட் செப்புக் கேபிளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அங்கே ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம்.

கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. ஆனால் லிங்க் ஜிகாபிட் ஏற மாட்டேன் என்கிறது.

100 மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும்: 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டில் ஒன்று எங்கோ சரியாகத் தொடாமல் இருந்தாலும் லிங்க் 100க்கு இறங்கிவிடும், அல்லது வரவே வராது. அதனால் முதல் வேலை, இரண்டு நுனியையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டரை அழுத்திப் பொருத்துவது, அதாவது கிரிம்ப் பண்ணுவது.

வெட்டுவதற்கு முன் பழைய கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். வள்ளியூர் பக்கம் ஒரு ஆபீஸில் புதிதாக வயரிங் பண்ணின ஆள் எல்லாக் கேபிளையும் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, பச்சை, நீல-வெள்ளை, நீலம், பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பார்க்க லட்சணமாக இருக்கும். இரண்டு நுனியிலும் அதே வரிசை என்பதால் டெஸ்டர் விளக்கும் ஒன்று முதல் எட்டு வரை தாளம் தப்பாமல் எரியும். தப்பு எங்கே என்றால், கார்டுக்கு 3ம் 6ம் ஒரே ஜோடியாக முறுக்கியிருக்க வேண்டும். இந்த வரிசையில் 3 பச்சை-வெள்ளை, 6 நீலம். இரண்டும் வேறு வேறு முறுக்கு. ஜோடியாக முறுக்குவதே பக்கத்துக் கம்பியின் இரைச்சல் ஏறாமல் இருக்கத்தான். ஜோடி பிரிந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ரெண்டு மீட்டர் கேபிளில் ஓடிவிடும். நாற்பது மீட்டரில் சிஆர்சி கொட்டும்.

சரியான வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. நடுவில் நீலம் உட்கார, பச்சை அதைத் தாண்டிப் போக வேண்டும். மலிவு டெஸ்டர் கம்பி தொடர்ச்சியை மட்டும்தான் பார்க்கும், முறுக்கைப் பார்க்காது. அந்த எட்டு விளக்கை நம்பி நானும் ஒரு மத்தியானம் முழுக்க டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ரொம்ப மலிவாகக் கிடைக்கிற கேபிளில் அலுமினியத்தின் மேல் செப்புப் பூச்சு மட்டும் இருக்கும். கனெக்டர் பக்கம் நாலு தடவை மடங்கினாலே ஒடியும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சர்வருக்கு அதைப் போடாதீர்கள்.

ஒரு நாளைக்கு நாலைந்து தடவை லிங்க் போய்விட்டு, தானே வந்துவிடுகிறது. கார்டு சூடாகிறதா?

லாகில் நேரத்தைப் பாருங்கள். டிமெசேஜ் மைனஸ் பெரிய டி போட்டால் லிங்க் டவுன், லிங்க் அப் வரிகள் கடிகார நேரத்தோடு வரும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இதே புகார். நேரங்களைத் தாளில் எழுதினேன்: காலை 8:05, மத்தியானம் 1:40, சாயங்காலம் 4:10. நாள் மாறினாலும் ஏறத்தாழ அதே நேரம். சூடானால் இப்படி மணி பார்த்து வராது. ஆலைக்காரரிடம் கேட்டேன், "அண்ணாச்சி, எட்டு மணிக்கு என்ன நடக்கும்?" "எட்டு மணிக்குத்தான் பெரிய மோட்டார் போடுவாங்க." மோட்டார் எடுக்கிற ஒரு கணத்தில் வோல்டேஜ் சரிகிறது. சர்வர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, அசையவில்லை. அலமாரி மேல் தவிட்டுத் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிற எட்டு போர்ட் சுவிட்ச் நேரடி லைனில் இருக்கிறது. அது ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைக்கிறது. சுவிட்சின் அடாப்டரை யுபிஎஸ்ஸுக்கு மாற்றினோம், முடிந்தது. யுபிஎஸ் வாங்கும்போது சர்வரையும் மானிட்டரையும் கணக்குப் போடுகிறவர்கள் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள்.

இப்படி நேரம் பொருந்தாமல், வேலை இல்லாமல் சும்மா இருக்கிற வேளையில் மட்டும் லிங்க் போய் வந்தால், மின்சாரம் சேமிக்கிற ஈஇஇ வசதியைச் சந்தேகப்படுங்கள். சில கார்டும் சில சுவிட்சும் இதில் ஒத்துப்போகாது. ஈத்டூல், மைனஸ் மைனஸ் செட்-ஈஇஇ, கார்டின் பெயர், ஈஇஇ ஆஃப். கடலோரம், உவரி, இடிந்தகரை மாதிரி ஊர்களில் கனெக்டரின் தகடு பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், உப்புக்காற்று.

இடி விழுந்த மறுநாளிலிருந்து மெதுவாக இருக்கிறது. விளக்கெல்லாம் எரிகிறது.

சித்திரை மழையிலும் ஐப்பசி மழையிலும் இந்த போன் வராமல் இருக்காது. முழுதாகச் செத்த போர்ட் நல்லது, உடனே தெரிந்துவிடும். பாதி செத்ததுதான் தொல்லை. லிங்க் வரும், 100இல் நிற்கும், சிஆர்சி ஏறும். இங்கே மட்டும் கார்டைச் சந்தேகப்படலாம், கூடவே அந்த சுவிட்ச் போர்ட்டையும். கேபிளை சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எண் நின்றுவிட்டால் போர்ட்தான். அந்த ஓட்டையில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

இரண்டு கட்டடத்துக்கு நடுவே மொட்டை மாடி வழியாக செப்புக் கேபிள் இழுத்திருந்தால் இது திரும்பத் திரும்ப நடக்கும். எர்த்தும் எர்த்தும் வேறாக இருக்கிற இரு கட்டடங்களைக் கம்பியால் கட்டினால் இடிக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. ஃபைபர் இழுங்கள், இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

டிராப்டு (கைவிட்ட பாக்கெட்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பயப்பட வேண்டுமா?

லினக்ஸில் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். கர்னல் 2.6.37க்குப் பிறகு, தனக்குத் தெரியாத புரோட்டோகால், தனக்கு இல்லாத விலான் (ஒரே கம்பியில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) என்று வருகிற பாக்கெட்டுகளையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறது. சுவிட்ச் சும்மா அனுப்புகிற அறிவிப்புகளே அதில் ஏறும். ஈத்டூல் புள்ளிவிவரத்தில் மிஸ்டு, ஃபிஃபோ, நோ பஃபர் என்பவை ஏறினால்தான் நிஜமான இழப்பு.

அப்போது ஈத்டூல் மைனஸ் ஜி போட்டு ரிங், அதாவது வந்த பாக்கெட் காத்திருக்கிற வரிசையின் அளவைப் பாருங்கள். இப்போது 256, அதிகபட்சம் 4096 என்று காட்டும் கார்டுகள் உண்டு. பெரிய ஜி போட்டு 1024, 2048 என்று ஏற்றலாம். ஏற்றுகிற கணம் லிங்க் ஒரு தடவை போய் வரும், அதனால் பில் போடுகிற நேரத்தில் செய்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். ஏற்றியும் நிற்கவில்லை என்றால், பிராக் அடைவில் இன்டரப்ட்ஸ் ஃபைலைப் பாருங்கள். இன்டரப்ட் என்பது பாக்கெட் வந்ததும் கார்டு சிபியுவைக் கூப்பிடுவது. எல்லா இன்டரப்ட்டும் ஒரே சிபியு தலையில் விழுந்து, டாப்பில் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்கிற பெயர் மேலே நின்றால், அவற்றைப் பிரித்துக் கொடுக்கிற ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடுகிறதா என்று கவனியுங்கள்.

ரொம்பப் பழைய பெட்டியில் சாதா பிசிஐ ஸ்லாட்டில் ஜிகாபிட் கார்டு செருகியிருந்தால் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. அந்தப் பாதையின் மொத்தக் கொள்ளளவே வினாடிக்கு 133 எம்பி, அதையும் டிஸ்க் கன்ட்ரோலரோடு பங்கு போட வேண்டும்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 வைத்தால் வேகம் கூடும் என்றார்கள். வைத்த பிறகு சில பக்கம் திறக்கிறது, சில பக்கம் தொங்குகிறது.

பாதையில் இருக்கிற எல்லாரும் 9000 வைத்தால்தான் வேலைக்கு ஆகும். நடுவில் ஒரு சுவிட்ச் 1500 என்றாலும் பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் காணாமல் போகும், சின்னது போகும். சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் போடுங்கள்; 28 பைட் தலைப்பு சேர்ந்தால் 9000. அது போகவில்லை, 1472 போகிறது என்றால் 1500க்கே திரும்பிவிடுங்கள். பத்து பேர் இருக்கிற கடைக்கு ஜம்போ ஃபிரேம் (1500க்கு மேற்பட்ட பெரிய பாக்கெட்) எதற்கு என்பது என் கட்சி.

இரண்டு கார்டைச் சேர்த்து ஒன்றாகக் கட்டி, பாண்டிங் பண்ணினால் இரட்டை வேகம் வருமா?

ஒரே ஒரு காப்பிக்கு வராது. அப்படிக் கட்டுகிற எல்ஏசிபி முறை ஒரு கனெக்ஷனை ஒரு கேபிளில்தான் விடும். நாலு பேர் நாலு காப்பி எடுத்தால் பிரிந்து போகலாம். ஒரு கேபிள் அறுந்தாலும் ஓடுவதற்கு என்றால் தாராளமாகப் போடுங்கள், அதற்கு ஒன்று ஓட மற்றது காத்திருக்கிற ஆக்டிவ்-பேக்கப் போதும்.

டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டினோம். பூட் ஆகிறது, நெட்வொர்க் மட்டும் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்தபோது, தாழ்வான தெருவில் இருந்த ஒரு கடையில் சர்வர் முங்கிவிட்டது. கடைப் பையன் புத்திசாலி, தண்ணீர் படியேறும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்விட்டான். வெள்ளம் வடிந்ததும் அதே மாதிரி இன்னொரு பெட்டியில் மாட்டினோம். சென்ட்ஓஎஸ் 6. லாகின் வந்தது, தகவல் எல்லாம் பத்திரம். பிங் போகவில்லை.

காரணம் பெயர். அந்தக் கால லினக்ஸ், முதலில் பார்த்த கார்டின் மேக் முகவரியை (கார்டிலேயே பதிந்த தனி எண்ணை) "இதுதான் ஈத்0" என்று ஒரு விதிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும்: ஈடிசி, யூடெவ், ரூல்ஸ்.டி அடைவில் 70-பெர்சிஸ்டென்ட்-நெட்.ரூல்ஸ். புதுப் பெட்டியின் கார்டு வேறு மேக் என்பதால் அதற்கு ஈத்1 என்று பெயர் வைத்துவிட்டது. ஐபி எழுதியிருப்பதோ ஈத்0க்கு. அந்த விதிக் கோப்பில் பழைய வரியை அழித்து, புது வரியில் ஈத்1 என்பதை ஈத்0 ஆக்கி, ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈத்0 கோப்பில் ஹெச்டபிள்யுஆட்ர் வரியில் புது மேக்கை எழுதி, ரீபூட் பண்ணினோம்.

2013க்குப் பிறகு வந்த சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்குகிற நிரல்) முறையில் பெயர் ஸ்லாட்டைப் பொறுத்தது: ஈஎன்பி3எஸ்0 மாதிரி. கார்டை மாற்றினாலும் ஸ்லாட் மாறாவிட்டால் பெயர் மாறாது, ஆனால் போர்டு மாறினாலோ பக்கத்தில் வேறு ஒரு கார்டு செருகினாலோ 3 என்பது 4 ஆகலாம். பெயர் எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: ஐபி லிங்க் காட்டுகிற பெயரும் கான்ஃபிக் கோப்பில் இருக்கிற பெயரும் ஒன்றா? ஃப்ரீபிஎஸ்டியில் பெயர் டிரைவரைப் பொறுத்தது. இஎம்0 இருந்த இடத்தில் வேறு சில்லு போட்டால் ஆர்இ0 ஆகிவிடும்.

கையால் எழுப்பினால் வருகிறது. பூட்டில் தானாக வருவதில்லை.

இரண்டு விதம் உண்டு. எப்போதுமே வருவதில்லை என்றால் கான்ஃபிக் கோப்பு. டெபியனின் இன்டர்ஃபேசஸ் கோப்பில் "ஆட்டோ" என்று தொடங்கும் வரி விடுபட்டிருக்கும். சென்ட்ஓஎஸ்ஸில் ஆன்பூட் "நோ" என்று இருக்கும். ஒரு சொல் விஷயம்.

கரண்ட் போய் வந்தால் மட்டும் வருவதில்லை என்றால் அது ஓட்டப்பந்தயம். கரண்ட் வந்ததும் சர்வர், சுவிட்ச், ரவுட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் எழுகின்றன. சர்வர் முந்திக்கொண்டு டிஹெச்சிபி, அதாவது தானாகக் கிடைக்கிற ஐபி, கேட்கிறது, கொடுக்கிற ஆள் இன்னும் எழவில்லை. மேனேஜ்டு சுவிட்ச் என்றால் இன்னொரு தாமதம்: பழைய ஸ்பானிங் ட்ரீ (கேபிள் வளையமாகச் சுற்றாமல் பார்க்கிற வசதி) ஒரு போர்ட்டைத் திறந்துவிட முதலில் 15 வினாடி கேட்கும், இன்னும் 15 வினாடி கற்கும். அந்த 30 வினாடியும் லிங்க் விளக்கு எரியும், பாக்கெட் போகாது. சர்வர் செருகியிருக்கிற போர்ட்டை எட்ஜ் போர்ட் என்று குறித்துவிட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை. சர்வருக்கு டிஹெச்சிபியே வேண்டாம், நிலையான ஐபி கொடுங்கள்.

ஐபி வந்தும் ஒரு சர்வீஸ் மட்டும் எழவில்லை, "கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்" என்கிறது என்றால், அந்த சர்வீஸ் ஐபிக்கு முன்னால் எழுந்துவிட்டது. சிஸ்டம்டியில் நெட்வொர்க்.டார்கெட் என்பதற்கு "ஐபி வந்துவிட்டது" என்று பொருள் இல்லை. நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்டை வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் எழுதுங்கள். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வருகிற அடைவு) மவுண்ட் என்றால் எஃப்எஸ்டேப் வரியில் அடிக்கோடு போட்டு நெட்டெவ் சேர்க்க வேண்டும்.

பூட் ஆகும்போது இரண்டு நிமிஷம் அப்படியே நிற்கிறது.

திரையில் நெட்வொர்க் கான்ஃபிகர் ஆகக் காத்திருக்கிறேன் என்ற வரி ஓடினால், கேபிளே செருகாத இரண்டாவது போர்ட்டுக்காகக் காத்திருக்கிறது. அதற்கு 120 வினாடி கெடு. நெட்வொர்க் செட்டிங் எழுதுகிற நெட்பிளான் கோப்பில் அந்தப் போர்ட்டுக்கு "ஆப்ஷனல்: ட்ரூ" போடுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையில் பிஎக்ஸ்இ-இ61 என்று வந்தால், பயாஸ் முதலில் நெட்வொர்க்கில் பூட் பண்ணப் பார்க்கிறது. பூட் வரிசையில் டிஸ்க்கை மேலே ஏற்றுங்கள். சென்ட்மெயில் (மெயில் அனுப்புகிற சர்வீஸ்) என்ற இடத்தில் ஒரு நிமிஷம் நின்றால் ஈடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் முழுப் பெயர் இல்லை.

ஃப்ரீபிஎஸ்டி. ஐபி மாற்றி ரீபூட் போட்டேன், சிங்கிள் யூசரில் (பழுதுபார்க்கிற நிலையில்) நிற்கிறது.

ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருப்பீர்கள். அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்டாகவே படிக்கப்படும், ஒரு குறி போனால் மொத்தமும் போச்சு. ரூட் அப்போது படிக்க மட்டும் மவுண்ட் ஆகியிருக்கும்: மவுண்ட் மைனஸ் யூ, சாய்கோடு, அப்புறம் மவுண்ட் மைனஸ் ஏ. திருத்துங்கள். அடுத்த தடவை ரீபூட்டுக்கு முன்னால் எஸ்ஹெச் மைனஸ் என் போட்டு அந்தக் கோப்பைக் கொடுங்கள், பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். தூரத்துச் சர்வரில் இதைச் செய்யாமல் ரீபூட் போட்டு ராத்திரி பதினோரு மணிக்கு பைக்கில் போன அனுபவம் எனக்கு உண்டு.

எல்எஸ்பிசிஐ (செருகிய கார்டுகளைப் பட்டியலிடுகிற கட்டளை) கார்டைக் காட்டுகிறது, ஐபி லிங்க் காட்டவில்லை.

டிரைவரோ ஃபர்ம்வேரோ (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு) இல்லை. டிமெசேஜில் ஃபர்ம்வேர் என்று தேடுங்கள். எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு எழுதியிருக்கும். டெபியன் 12க்கு முன்னால் அவை இன்ஸ்டாலரோடு வராது, தனியாகக் கொண்டுவர வேண்டும்.

லாகின் பண்ண அரை நிமிஷம் ஆகிறது. உள்ளே போய்விட்டால் பறக்கிறது.

காரணம் கார்டு இல்லை; டிஎன்எஸ், அதாவது பெயருக்கும் ஐபிக்கும் பொருத்தம் சொல்கிற சேவை. நீங்கள் வருகிற ஐபிக்குப் பெயர் என்ன என்று சர்வர் கேட்கிறது, ரிசால்வ்.கான்ஃபில் எழுதியிருக்கிற சர்வர் பதில் சொல்லவில்லை. ஒரு கேள்விக்கு 5 வினாடி, இரண்டு முயற்சி; செத்த முகவரி இரண்டு எழுதியிருந்தால் 20 வினாடி அங்கேயே போயிற்று. இன்டர்நெட் கனெக்ஷனை மாற்றிய கடைகளில் பழைய கம்பெனியின் டிஎன்எஸ் முகவரி அப்படியே கிடக்கும். பழைய எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து லாகின் பண்ணுகிற நிரல்) என்றால் யூஸ்டிஎன்எஸ் "நோ" என்றும் வையுங்கள். 2015க்குப் பிந்தியவற்றில் அது ஏற்கெனவே அப்படித்தான்.

பழைய ஸ்பார்க் (சன் கம்பெனியின் சர்வர்) பெட்டியில் இரண்டாவது போர்ட்டையும் அதே சுவிட்சில் செருகினேன். இரண்டுமே விட்டு விட்டு வருகிறது.

அட, இன்னும் ஓடுகிறதா! அந்தக் காலத்து ஸ்பார்க்கில் எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே மேக் முகவரி. சுவிட்ச் குழம்பிவிடும். ஈப்ராம் கட்டளையில் லோக்கல்-மேக்-அட்ரஸ்? என்பதை ட்ரூ ஆக்கி ரீபூட் பண்ணுங்கள். கேள்விக்குறியும் பெயரில் சேர்த்திதான்.

சரி அண்ணாச்சி, எப்போதுதான் கார்டை மாற்றுவது?

நன்றாக ஓடுகிற ஒரு லேப்டாப்பை எடுத்து, சர்வரின் அதே கேபிளில், அதே சுவிட்ச் போர்ட்டில் செருகுங்கள். லேப்டாப்பில் வேகம் முழுதாக வந்து, பிழை ஏறாமல் இருந்தால், சர்வரின் கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே சிஆர்சி என்றால் மாற்றிவிடுங்கள்.

கழற்றிய கார்டை மேஜை டிராயரில் போடாதீர்கள். அதன் தகட்டைக் கட்டிங் பிளேயரால் வளைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாசம் கழித்து யாராவது "ஸ்பேர் ஒண்ணு இருக்கே" என்று அதையே எடுத்து மாட்டிவிட்டு எனக்கு போன் போடுவார்கள்.